கருவிழிக்கு மேட்சிங்

என் இடது கண்ணில் பூ விழுந்தது 1997 தை மாதத்தில். நெல்லிக்குப்பம் பக்கத்தில் எங்கள் ஊர். கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. எனக்கு 6 வயது. வெட்டிய கரும்பைக் கட்டித் தலையில் தூக்கிப் போனவர்கள் பின்னாலேயே ஓடினேன். ஒரு தோகை கண்ணில் கீறிவிட்டது. கரும்புத் தோகையின் ஓரம் அரம் மாதிரி இருக்கும், வெட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா தாய்ப்பால் விட்டார். நாலாவது நாள் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. அப்போது தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை கிடையாது, அது 2003-ல்தான் வந்தது. அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் மாறி கோரிமேடு ஜிப்மருக்குக் கொண்டு போனார். தோகை, வைக்கோல், மரக்கிளை என்று செடி கொடி பட்ட காயத்தில் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். பிடித்துவிட்டால் மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட வேண்டும், அதுவும் வாரக்கணக்கில். அம்மா ராத்திரியெல்லாம் விழித்திருந்து விட்டார். கண் தங்கியது. புண் ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. பூ விழுந்த கண் என்று ஊரில் சொல்வது அதைத்தான்.

அந்தக் கண்ணுக்கு நான் லென்ஸ் தேர்ந்தெடுத்த கதையை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கலர் லென்ஸ் என்றாலே சாம்பல், பச்சை, தேன் நிறம் என்றுதான் எல்லாரும் தேடுகிறார்கள். எனக்கு வேண்டியது என்னுடைய சொந்த நிறம். கடையில் கிடைக்காத நிறம் அதுதான்.

நான் கடலூர் புதுப்பாளையத்தில் ப்ளவுஸ் தைக்கிறேன். அதற்கு முன்னால் 7 வருடம் திருப்பாப்புலியூரில் ஒரு மேட்சிங் சென்டரில் வேலை பார்த்தேன். ப்ளவுஸுக்கு அளவு எடுக்கும்போது முகத்துக்கு முகம் ஒரு முழ தூரம்தான் இருக்கும். தோளை அளந்துவிட்டு நிமிர்ந்தால் எதிரில் நிற்பவர் என் கண்ணைப் பார்க்கத்தான் செய்வார். எந்தக் கண்ணைப் பார்ப்பது என்று ஒரு நொடி தடுமாறுவார். அப்புறம் என் காதுப் பக்கம் பார்த்துக்கொண்டு பேசுவார். சிலர் அடுத்த முறை நேரில் வராமல் அளவு ப்ளவுஸைக் கொடுத்தனுப்பிவிடுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் அந்தத் தடுமாற்றத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்த்தால் மனசு வலிக்கும். எனக்கு வலித்தது.

முதலில் தப்பான வழியில்தான் போனேன். ஒரு வருடத்துக்குச் சற்று முன்பு சித்தி மகள் கல்யாணம். பாண்டிச்சேரியில் ஒரு கண்ணாடிக் கடையில் கலர் லென்ஸ் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கடைப்பையன் அட்டையை எடுத்து வைத்தான். பத்துப் பன்னிரண்டு கண்கள் வரிசையாக அச்சடித்திருந்தன. பிரவுன் என்று இருந்ததைக் காட்டினேன். "ரெண்டு கண்ணுலயும் போட்டுக்கோங்கக்கா, ஒரே கலரா தெரியும்" என்றான். என் கண்ணை யாரும் சோதிக்கவில்லை, ஏன் வெள்ளையாக இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. பவர் இல்லாத ஜோடி என்று பில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

கல்யாண மண்டபத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் கலர் லென்ஸில் நிறம் ஒரு வளையம்தான். நடுவில் பார்ப்பதற்காக நிறமே இல்லாமல் விட்டிருப்பார்கள். என் தழும்பு சரியாக நடுவில் இருக்கிறது. பிரவுன் வளையத்துக்கு நடுவே வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி, முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. வளையத்தின் நிறமும் சரியில்லை. தழும்புக்கு மேல் வந்த பக்கம் பால் அதிகமான டீ மாதிரி வெளிறி இருந்தது, மற்ற பக்கம் கறுத்து இருந்தது. தையல்காரிக்கு இது சட்டென்று புரிய வேண்டிய சங்கதி. மெல்லிசுத் துணிக்கு லைனிங் கொடுக்காவிட்டால் அடியில் இருப்பது மேலே தெரியும். அந்த லென்ஸுக்கு லைனிங் இல்லை.

கழற்றி மண்டபத்துக் குழாய்த் தண்ணீரில் கழுவி மறுபடியும் போட்டேன். அதைவிடப் பெரிய தப்பு வேறில்லை. மறுநாள் காலை இரண்டு கண்ணும் சிவந்திருந்தன. எனக்குப் பார்வை இருப்பதே வலது கண்ணில் மட்டும். அது சிவந்து நீர் வடிந்ததைக் கண்ணாடியில் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. எட்டு மணிக்கெல்லாம் பாண்டி பஸ்ஸில் இருந்தேன். கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தமும் போய்க்கொண்டே இருந்தது. அன்றைக்குப் போல அந்த 22 கிலோமீட்டர் எப்போதும் நீண்டதில்லை.

டாக்டர் அம்மா விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, புண் இல்லை, எரிச்சல்தான் என்றார். அதற்கப்புறம்தான் கோபப்பட்டார். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் எல்லாவற்றிலும் அகந்தமீபா என்று ஓர் உயிரி இருக்கலாமாம். லென்ஸில் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குள் போனால் கண்ணின் முன்பக்கத்தையே அரித்துவிடும், வைத்தியம் மாதக்கணக்கில் இழுக்கும். "உங்களுக்கு இருக்கறது ஒரு கண்ணும்மா. அழகுக்காக அந்தக் கண்ணுல எதையும் வைக்காதீங்க. இடது கண்ணுக்கு என்ன வேணுமோ அதை மட்டும் செய்வோம்" என்றார். நான் எழுதுவதில் ஒரே ஒரு வரியைத்தான் நீங்கள் நினைவில் வைப்பீர்கள் என்றால், அது அந்த டாக்டர் சொன்னதாக இருக்கட்டும்.

அன்றைக்கே வலது கண்ணுக்காகப் பவர் இல்லாத, எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். மெஷின் ஊசி முறிந்தால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. 12 வருடமாக நான் வெறுங்கண்ணோடு தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கண் மாற்று அறுவை செய்ய முடியாதா என்று கேட்டேன். முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற படலத்தை மாற்றலாம், ஆனால் 6 வயதிலேயே அந்தக் கண் பார்ப்பதை நிறுத்திவிட்டதால் மூளை அதைக் கணக்கில் சேர்க்காமல் பழகிவிட்டது, சோம்பேறிக் கண் என்பார்கள், மாற்றினாலும் பெரிதாகப் பார்வை வராது என்றார். தழும்பின் மேல் ஊசியால் சாயம் ஏற்றும் முறையும் உண்டாம், ஏறக்குறையப் பச்சை குத்துவதுதான். தைத்தது பிடிக்காவிட்டால் பிரித்துத் தைக்கலாம். பச்சையை அப்படிப் பிரிக்க முடியாதே என்று நான் வேண்டாம் என்றேன். கடைசியில் அவர் சொன்னதுதான் ப்ராஸ்தெடிக் கான்டாக்ட் லென்ஸ். அடியில் வெளிச்சம் புகாத ஓர் அடுக்கு, அதன் மேல் அவரவர் கண்ணைப் பார்த்து வரைந்த கருவிழி. லைனிங் போட்ட லென்ஸ்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தைக் குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் கருவிழி என்று சொல்வது நிறம் உள்ள வட்டத்தை. ஆஸ்பத்திரிப் பலகைகளில் 'கருவிழி மாற்று சிகிச்சை' என்று எழுதுவது அதற்கு முன்னால் இருக்கும் நிறமே இல்லாத படலத்தை. அரை மில்லிமீட்டர் தடிமன்தான் அது. அதற்குள் நார்கள் பாவு நூல் மாதிரி ஒழுங்காக ஓடுவதால்தான் வெளிச்சம் தடையில்லாமல் உள்ளே போகிறது. காயம் ஆறும்போது நார்கள் தாறுமாறாகச் சேர்ந்துவிடும், வெளிச்சம் சிதறும், வெள்ளையாகத் தெரியும். என் கண்ணில் இருப்பது பூவும் இல்லை, படிந்த எதுவும் இல்லை, சிக்கு விழுந்த நூல். இது தெரிந்த அன்று எனக்கு என் கண்ணின் மேல் ஒரு பரிவு வந்தது.

சிவப்பு அடங்க மூன்று வாரம் விட்டார்கள். அப்புறம் நிறமில்லாத லென்ஸ் ஒன்றைப் போட்டு உட்காருகிறதா என்று பார்த்தார்கள். தழும்பு உள்ள கண் மேடு பள்ளமாக இருக்கும். லென்ஸ் இறுக்கிப் பிடிக்கக்கூடாது, இமைக்கும்போது கொஞ்சமாவது நகர வேண்டும், நகர்ந்தால்தான் கண்ணீர் அடியில் போய்வரும். கண்ணின் முன்படலத்துக்கு ரத்தக் குழாய் கிடையாது, தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பங்கை வெளிக்காற்றிலிருந்துதான் எடுக்கிறது. அதனால்தான் லென்ஸோடு தூங்காதே என்கிறார்கள். வளைவு 8.6, கருவிழியின் அகலம் 11.5 மில்லிமீட்டர் என்று எழுதிக்கொண்டார்கள். அளவு எடுக்கப்படும் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தது எனக்குப் புதுசாக இருந்தது.

அடுத்தது நடுவில் இருக்கும் கண்மணி. அதைக் கறுப்பாக அடைப்பதா, திறந்து விடுவதா என்று கேட்டார்கள். திறந்து விட்டால் வெள்ளை தெரியும். அடைத்தால் தெரியாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் என் இடது கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், கை அசைந்தால் தெரியும். கறுப்பு மணி போட்ட சாம்பிள் லென்ஸை வைத்த உடனே அந்தப் பக்கம் விளக்கு அணைந்த மாதிரி ஆகிவிட்டது. 28 வருடமாக அந்த மங்கல் வெளிச்சத்தை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. ஆனால் யாராவது இடது பக்கமாக வந்தால் நிழல் விழுந்ததும் திரும்பியிருக்கிறேன், ரோடு கடக்கும்போது அதை வைத்துத்தான் கடந்திருக்கிறேன். அது போனதும்தான் அது எனக்கு எவ்வளவு உதவியிருக்கிறது என்று தெரிந்தது. வெளியே நடந்து பார்த்தேன். கதவு நிலையில் தோள் இடித்தது.

ஒரு வாரம் யோசித்தேன். கடைக்குள் கறுப்பு மணி லென்ஸ், தெருவில் லென்ஸ் இல்லாமல் என்று முடிவெடுத்தேன். காலை பத்துக்குக் கடை திறந்த பிறகு போடுவேன், ஆறு மணிக்குக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். அழகுக்கும் வசதிக்கும் நடுவில் இப்படி ஒரு கணக்கு வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். உங்கள் கண்ணுக்குக் கொஞ்சமாவது வெளிச்சம் தெரிகிறது என்றால் கறுப்பு மணியை ஒரு மணி நேரமாவது போட்டு நடந்து பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

மணியின் அளவும் ஒரு முடிவுதான். நிஜக் கண்ணில் அது வெயிலில் சுருங்கும், இருட்டில் விரியும். லென்ஸில் ஒரே அளவு. நான் அதிகமாக நிற்பது கடை வெளிச்சத்தில் என்பதால், அந்த வெளிச்சத்தில் வலது கண்மணி எவ்வளவு இருக்கிறதோ அதையே எடுத்துக்கொண்டோம், 4 மில்லிமீட்டர். மொட்டை வெயிலில் நின்றால் இடது மணி கொஞ்சம் பெரிதாகத் தெரியும். நம் கண் அடர்ந்த பிரவுன் என்பதால் பக்கத்தில் வந்து பார்த்தால்தான் தெரியும்.

இனி நிறம். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கண்ணைச் சோதித்து லென்ஸ் பொருத்தும் ஆப்டோமெட்ரிஸ்ட் பெண் ரொம்பப் பொறுமையானவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள். மாதிரி லென்ஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக என் இடது கண்ணில் வைத்து, டியூப் லைட் வெளிச்சத்தில் வலது கண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். மூன்றாவது சரியாக இருக்கிறது என்றாள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் மேட்சிங் சென்டரில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம், டியூப் லைட்டை நம்பாதே என்பதுதான். ஒரு புடவையும் ஒரு ப்ளவுஸ் துணியும் கடைக்குள் ஒரே நிறமாக இருக்கும், வாசலுக்குக் கொண்டு போனால் ஒன்று சிவப்படிக்கும், ஒன்று பச்சையடிக்கும். இரண்டு சாயமும் வேறு வேறு என்பதால் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போவது இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். கண்ணின் நிறம் உடம்பு தந்த மெலனின், லென்ஸின் நிறம் ஆலைச் சாயம். அது மட்டும் பிரியாமல் இருக்குமா?

"மேடம், வாசல்ல போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "வாங்கக்கா" என்றாள்.

வராந்தாவில் காலை 11 மணி. நேர் வெயில் விழாத, ஆனால் நல்ல வெளிச்சம் உள்ள இடமாகப் பார்த்து நின்றேன். நேர் வெயில் எல்லா நிறத்தையும் வெளுத்துக் காட்டும். கைக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே சரியாக இருந்த அந்த மூன்றாம் லென்ஸ் வெளியே செங்கல் மாதிரி சிவந்திருந்தது.

அப்போது பையிலிருந்து நூல்கண்டுகளை எடுத்தேன். கடையில் இருந்த பிரவுன் வகை எல்லாவற்றையும், பதினான்கு கண்டு, கொண்டு போயிருந்தேன். ஒவ்வொன்றாக வலது கண்ணுக்குக் கீழே கன்னத்தில் வைத்துப் பார்த்தோம். என் கண்ணை நான் அவ்வளவு நேரம் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கருவிழி என்கிறோமே, அதில் கறுப்பே இல்லை. மணியை ஒட்டி நாட்டுச்சர்க்கரை நிறம். வெளியே வர வர காபி டிகாக்‌ஷன். ஓரத்தில் கருப்பட்டி. அந்த ஓரமும் கோடு போட்ட மாதிரி முடியவில்லை, ஈரத் துணியில் மை ஊறுவதுபோல வெள்ளைக்குள் மெதுவாகக் கரைகிறது. சர்க்கரை நிறத்துக்குள் மெல்லிய கோடுகள், சக்கரத்தின் ஆரம்போல. ஒரே ஒரு பிரவுன் என்று நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் மூன்று பிரவுன் இருந்தன.

நாட்டுச்சர்க்கரைக்கு ஒரு கண்டு, கருப்பட்டிக்கு ஒரு கண்டு கிடைத்தது. நடுவில் வருவதற்கு எதுவும் சரியாக அமையவில்லை, இரண்டுக்கும் இடையில் என்று எழுதினோம். அந்தப் பெண் ஃப்ளாஷ் இல்லாமல் இரண்டு கண்ணையும் சேர்த்துப் படம் எடுத்தாள், படத்தில் நூலும் தெரிகிற மாதிரி. போன் கேமரா நிறத்தை மாற்றிக் காட்டினாலும் நூலையும் சேர்த்தே மாற்றும், வரைகிறவர் கையில் அசல் நூல் இருந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும் என்பது என் யோசனை. இரண்டு நூலிலும் ஒரு விரல் நீளம் வெட்டி ஆர்டர் காகிதத்தில் ஒட்டி அனுப்பினோம். "இதுவரைக்கும் யாரும் நூல் ஒட்டி அனுப்பினதில்லக்கா" என்றாள்.

ஐந்து வாரம் கழித்து லென்ஸ் வந்தது. செலவு ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது. சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்தேன். விரல் நுனியில் வைத்துப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. என் கண்ணே என் விரல் மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. ஓரம் கிண்ணம்போல நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், வெளிப்பக்கம் விரிந்தால் புரட்டிப் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம். கீழ் இமையை இழுத்துப் பிடித்து, மேலே பார்த்து, வைத்தேன். மூன்றாவது முயற்சியில் உட்கார்ந்தது.

அன்றைக்கு மட்டும் வீட்டுக்கும் போட்டுக்கொண்டு வந்தேன். தம்பி கூட வந்து கையைப் பிடித்து ரோடு கடத்திவிட்டான். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து என் நெற்றியில் இடது பக்கம் விழும் முடியை ஒதுக்கினார். பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அந்த முடியை அந்தப் பக்கம் விழுகிற மாதிரி வெட்டிவிடுவது அம்மாதான். "எண்ணெய் வச்சு வாரிவிடட்டுமா?" என்று கேட்டார். உட்கார்ந்தேன். நெற்றி முழுக்கத் தெரிய வாரிப் பின்னிவிட்டார்.

கடையில் நடந்தது அவ்வளவு பெரிய நாடகம் ஒன்றும் இல்லை. அளவு எடுத்துவிட்டு நிமிர்ந்தேன், எதிரில் நின்ற அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே கை எவ்வளவு நீளம் வேண்டும் என்று சொன்னார். அவ்வளவுதான்.

பராமரிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகுதான் லென்ஸைத் தொடுவேன். நூல் பஞ்சு விரலில் ஒட்டியிருக்கும், தையல் வேலை செய்கிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கழற்றியதும் திரவம் விட்டு உள்ளங்கையில் தேய்த்து அலசி, டப்பாவில் புதுத் திரவம் ஊற்றி வைப்பேன். நேற்றைய திரவத்தின் மேலேயே இன்றைக்கும் ஊற்றக்கூடாது. எல்லாத் திரவமும் எல்லா லென்ஸுக்கும் ஆகாது, சிலது சாயத்தை வெளுக்கச் செய்யும், அதனால் அவர்கள் எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறு வாங்குவதில்லை. டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன். மையும் பவுடரும் லென்ஸ் போட்ட பிறகுதான், கழற்றும்போது லென்ஸ் முதலில். இமைக்கு உள்ளோரத்தில் மை இழுப்பதை விட்டுவிட்டேன்.

இன்னொன்று, இது தழும்பு உள்ளவர்களுக்கு. பழைய காயம் பட்ட கண்ணுக்கு உணர்ச்சி குறைந்திருக்கலாம். புண் வந்தாலும் வலிக்காமல் போகலாம். வலிக்கவில்லையே என்று இருந்துவிடாமல், தினமும் கழற்றிய பிறகு வெளிச்சத்தில் நின்று வெள்ளைப் பகுதி சிவந்திருக்கிறதா, தழும்பில் புதிதாக ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். நான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்டுகிறேன்.

லென்ஸுக்கு ஓராண்டு என்று சொல்லியிருக்கிறார்கள், அடுத்த மாதம் முடிகிறது. புதுசுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். இந்த லென்ஸில் ஓர வளையம் கொஞ்சம் அழுத்தமாகப் போய்விட்டது, கோடு மாதிரி முடிகிறது. என் கண்ணில் அது கரைந்துதான் முடிகிறது. போன வெள்ளிக்கிழமை 11 மணிக்குக் கடை வாசல்படியில் நின்று, கன்னத்தில் கருப்பட்டி நூல்கண்டை வைத்து, வலது கண்ணைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நடு நிறத்துக்கும் இந்தத் தடவை ஒரு நூல் கிடைத்துவிட்டது.